மூக்கு இறங்கிய விமானம்

ஆகாய விமானத்தைப் பறக்கவிட்டவர்கள் வெளிநாட்டுக்காரர்களாக இருக்கலாம். அதைத் தரையில் ஒழுங்காக நிற்கவைத்த பெருமை, நுவரெலியாப் பக்கம் கந்தப்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளை செல்லசாமிக்கே உரியது.

அது ஐம்பத்தொன்பதாம் ஆண்டு. தோட்டத்துத் துரைக்குச் சீமையிலிருந்து ஒரு பெட்டி வந்தது. உள்ளே பிளாஸ்டிக் துண்டுகள். ஒட்டினால் குண்டு போடும் விமானம். துரை கொழுந்தையும் ஆலையையும் மறந்து ஒட்டினார். முன்னால் ஒரு சக்கரம், இறக்கையடியில் இரண்டு. மேசையில் வைத்ததும் விமானம் வாலைக் கீழே ஊன்றி, மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தது.

சனிக்கிழமை கம்பெனியின் பெரிய துரை வருகிறார். யுத்தத்தில் இதே ரக விமானம் ஓட்டியவர். எனவே ஆபீசில் 'அவசரக் கூட்டம்' கூடியது.

"மூக்குல கனம் வேணும்" என்றார் துரை. "அத யார் கீழ எறக்குறானோ, அவன்தான் பெரிய கணக்கப்புள்ள."

பத்து வருடமாகச் செல்லசாமி கும்பிட்டு வந்த பதவி அது.

"வால வெட்டிட்டா என்னங்க தொரை?" என்று கேட்டார் பெரிய கிளாக்கர் கணேசமூர்த்தி.

துரை பார்த்த பார்வையில் கிளாக்கர் தன் வாலைச் சுருட்டிக்கொண்டார்.

"நம்ம தோட்டத்து டஸ்டையே போடலாங்க" என்றார் ஆலையின் டீமேக்கர். தேசப்பற்று மிக்க அந்த யோசனை உடனே நிறைவேறியது. மூக்கைப் பிளந்து தேயிலைத் தூளை அடைத்தார்கள். பனி இறங்கியபோது தூள் ஈரத்தைக் குடித்து மூக்கும் இறங்கியது. வெயில் ஏறியதும் மூக்கும் ஏறியது. பெரிய துரை பனியோடு வருவாரா, வெயிலோடு வருவாரா என்று யாருக்குத் தெரியும்?

சனிக்கிழமை காலை, செல்லசாமி கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்துக்குப் போய்த் தராசின் முன்னால் நின்றார். அதன் நீண்ட கோலில் நகரும் எடைக்குண்டின் அடியில், கொட்டைப்பாக்கு அளவு ஈயம் ஒட்டியிருந்தது. தராசின் 'நலன் கருதி' அவரே ஒட்டியதுதான். குண்டு கொஞ்சம் கனத்தால் கூடையில் கொழுந்து ராத்தல் கணக்கில் இளைக்கும். கூடைக்குக் கழித்து, மழைத் தண்ணீருக்குக் கழித்த பிறகு, மனத்தில் மிஞ்சும் சந்தேகத்துக்கும் ஏதாவது கழிக்க வேண்டாமா?

பதவிக்காக அந்த ஈயத்தைப் பெயர்த்து, விமானத்தின் மூக்குக்குத் தியாகம் செய்தார். விமானம் மூன்று சக்கரத்திலும் பதவிசாக நின்றது. பெரிய துரை அதைத் தடவிப் பார்த்துக் கண் கலங்கினார்.

மாலையில் கொழுந்து பறிக்கும் ராக்காயி கூடையைத் தராசில் ஏற்றினாள். வழக்கமான இடத்தில் குண்டு நிற்கவில்லை. தள்ளிப் போனது. இன்னும் தள்ளிப் போனது.

"என்னங்க ஐயா, இன்னைக்கி எட கூடுதலாக் காட்டுது? ஒங்களுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?" என்று கேட்டாள் ராக்காயி.

பின்னால் நின்ற பெண்கள் எல்லோருக்கும் அப்படியே கூடியது. செல்லசாமியின் கை குறைத்து எழுதத் தெரிந்த கைதான். ஆனால் இத்தனை பேர் கோலையே பார்த்துக்கொண்டிருந்தால் எப்படி எழுதுவது?

கொழுந்து கூடிய செய்தி துரையின் பங்களாவுக்குப் போய்விட்டது. துரை கூப்பிட்டனுப்பினார். பதவி போனால் போகட்டும், வேலையிலிருந்து விலக்கும் பத்துச்சீட்டைக் கிழித்துக் கொடுத்து மூட்டைமுடிச்சோடு ரோட்டில் விட்டுவிடுவாரோ என்று பயந்துகொண்டே செல்லசாமி பங்களாவுக்கு ஏறினார்.

துரை விமானத்தின் மூக்கைப் பிளந்து, ஈயத்தை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார்.

"செல்லசாமி, நீ இனி பெரிய கணக்கப்புள்ள. திங்கக்கெழம நுவரெலியா போய் பிளேனுக்குப் புது ஈயம் வாங்கு."

"இது, தொரை?"

"இன்னைக்கே எடுத்த எடத்துல ஒட்டிடு."

எந்த இடம் என்று துரை கேட்கவே இல்லை.