குறட்டைக்கு ஒப்புதல் கொடுத்தவர்

சட்டப்புலி அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்த வேகத்தில் வாசற்படியே அதிர்ந்தது. சட்டப்புலி என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். எந்தப் புதுச் சட்டம் வந்தாலும் கம்பெனி அதன்படி நடக்கிறதா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. இப்போது வந்திருப்பது அந்தரங்கத் தகவல் பாதுகாப்புச் சட்டம். மறுநாள் காலை எல்லாக் கிளைக்காரர்களுக்கும் அதை அவர் விளக்கிப் பேச வேண்டும். முன்வரிசையில் முதலாளி. பதவி உயர்வே அந்த மேடையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

இந்த நேரம் பார்த்து லிஃப்டில் இரண்டு பெண்கள் அவரைக் கண்டதும் 'கொர்ர்' என்று குறட்டை விட்டுச் சிரித்துவிட்டார்கள்.

எல்லாம் மனைவியின் கைங்கரியம். முன்னறையில் மெஷின் போட்டுத் தலையணை தைத்து விற்கிறாள். கணவர் அதில் வாய் பிளந்து தூங்குவதை வீடியோ எடுத்து, 'படுத்ததுமே பலன்' என்று இணையத்தில் போட்டிருந்தாள். ஊரே பார்த்துவிட்டது. பஞ்சு மூட்டை வந்த வேகத்தில் காலியானது.

"என் ஒப்புதல் இல்லாம என் குறட்டையை நீ எப்படிப் போடலாம்?"

"என் ஒப்புதலைக் கேட்டா நீங்க குறட்டை விட்டீங்க?"

"விளையாடாத! வெறும் வீட்டுக்காரின்னா விட்டிருப்பேன். நீ வியாபாரம் பண்ற. நான் வேண்டாம்னா, என்னைப் பத்தி உன்கிட்ட இருக்கற எல்லாத்தையும் அழிக்கணும். அதான் சட்டம்!"

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணு விடாம! யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது."

"சட்டம்னா சரிங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவள் எதிர்ப்பேச்சில்லாமல் சரி என்றது அதுதான் முதல் தடவை. அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும். புலிக்கோ வெற்றிக் களிப்பு. சாப்பிடும்போதே சோற்றுக்கையை ஆட்டி ஆட்டிப் பேசிப் பழகினார். "ஒப்புதலுக்கு வாய்வார்த்தை செல்லாது, ஆதாரம் வேண்டும்! ஒருவர் உடம்பு விஷயத்தை வெளியே விட்டால் தண்டனை ஜாஸ்தி!" மனைவி கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

விடிந்தது. குளியலறையிலிருந்து குரல் வந்தது.

"என் மூக்குக்கண்ணாடி எங்கடி?"

"அது உங்க அந்தரங்கத் தகவலாச்சே. அழிச்சுட்டேன்."

"நீலச் சட்டை?"

"யாரோட நீலச் சட்டைங்க?"

"பிரஷர் மாத்திரையாவது எடு!"

"ஐயையோ, உடம்பு விஷயம்! தண்டனை ஜாஸ்தி!"

கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்குச் சுவரும் கதவும் ஒன்று. முகத்தில் ஷேவிங் நுரை வழிய, இடுப்புத் துண்டைப் பிடித்தபடி தடவித் தடவி வந்தார். அவர் போன் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்ததால் முதலாளி அவள் போனில் கூப்பிட்டார். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, சார் கிளம்பிட்டாரா?"

"அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லைங்க."

"வீட்லதான் இருக்காரா?"

"இருக்காரா இல்லையான்னும் சொல்லக் கூடாதுங்க. சட்டம்."

"என்னம்மா கூத்து இது! அரை மணியில வரலைன்னா வேற ஆளைப் பேச விட்டுருவேன்!"

போன் கட்டானது. புலி பூனையானது.

"தாயே! ஒப்புதல் குடுத்தேன். எல்லாத்துக்கும் குடுத்தேன். கண்ணாடியைக் குடு!"

"வாய்வார்த்தை செல்லாதே. ஆதாரம் வேணுமே." வீடியோ எடுக்கப் போனை நிமிர்த்திப் பிடித்தாள். "யாரும் கட்டாயப்படுத்தலைன்னும் சேர்த்துச் சொல்லுங்க. சிரிச்ச முகமா."

நுரையும் துண்டுமாக நிமிர்ந்து நின்று, எதிரே இருந்த பீரோவைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "என் குறட்டை உட்பட எல்லாவற்றுக்கும், யாருடைய கட்டாயமும் இல்லாமல், முழு மனதோடு ஒப்புதல் அளிக்கிறேன்!"

"நான் இந்தப் பக்கம் இருக்கேங்க."

திரும்பி நின்று மறுபடியும் சொன்னார். அடுத்த நொடி கண்ணாடி வந்தது, மாத்திரை வந்தது, இஸ்திரி போட்ட நீலச் சட்டையும் வந்தது.

பேச்சு பிரமாதம். ஒப்புதலை எப்படி வாங்குவது, எப்படிக் கொடுப்பது என்று வெளுத்து வாங்கினார். சபை அவரையும் போனையும் மாறி மாறிப் பார்த்தது. குறிப்பெடுக்கிறார்கள் என்று அவருக்கு நெஞ்சு பூரித்தது.

"யாருக்காவது சந்தேகம் இருக்கா?"

முன்வரிசையில் ஒரு போன் "நான் இந்தப் பக்கம் இருக்கேங்க" என்றது. அதை அவசரமாக அணைத்துவிட்டு முதலாளி கை தூக்கினார்.

"அந்தத் தலையணை பெரிய சைஸ்ல கிடைக்குமான்னு அம்மாகிட்ட கேட்டுச் சொல்றீங்களா?"