அதிராவின் மூக்கும் ஒரு திறன்மிகு காணொளியும்

பிள்ளைகளே, முதலில் ஒரு புதிர். ஒரு டாக்டருக்கு இரண்டு கைகள். ஒரு கையில் கைப்பேசி. மறு கையில் விளக்கு. எதிரே உட்கார்ந்திருக்கும் சிறுமியின் மூக்கில் ஒரு கடலை. அதை எந்தக் கை எடுக்கும்?

அவசரம் வேண்டாம். ஜார்ஜ்டவுனில் நிறையப் படித்தவர்கள் ஒரு காலைப்பொழுது முழுக்க இதை யோசித்தார்கள்.

சிறுமியின் பெயர் அதிரா. வயது ஐந்து. அன்று காலை கச்சாங் பூத்தே என்னும் வறுகடலைப் பொட்டலத்திலிருந்து ஒரு கடலையை எடுத்து, அது மூக்குக்குள் போகுமா என்று பார்த்தாள். போனது. திரும்பி வரவில்லை. அவளுடைய உம்மா நூர்ஜான், பாயான் பாரு என்ற இடத்தில் தொழிற்சாலை வேலைக்குப் போகிறவர். சூப்பர்வைசரிடம் கெஞ்சி அனுமதி வாங்கிக்கொண்டு, மகளைத் தூக்கியபடி கிளினிக்குக்கு ஓடி வந்தார்.

டாக்டர் சந்திரசேகரன் கெட்டிக்காரர். நல்லவரும்கூட. போன மாதமாக இருந்தால், மெல்லிய கம்பி ஒன்றால் கடலையை எடுத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டிருப்பார். ஆனால் இந்த மாதம் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. ‘மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும் சமூக ஊடகங்களைத் திறம்படப் பயன்படுத்துதல் தொடர்பாக’ என்பது அதன் தலைப்பு. டாக்டர்கள் கைப்பேசியில் நேரத்தை வீணடிக்கிறார்கள் என்று பொதுமக்கள் புகார் செய்திருந்தார்கள். ஆகவே, அந்த நேரத்தை முறைப்படுத்தி எல்லா நோயாளிகளுக்கும் சமமாகப் பகிர்ந்தளிக்குமாறு சுற்றறிக்கை பணித்தது. இனி ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு காணொளி. அதை டாக்டரே தம் கையால் எடுக்க வேண்டும். காணொளி இல்லாத சிகிச்சை, நடைபெறாத சிகிச்சையாகக் கருதப்படும்.

இதைக் கண்காணிக்க மோகனா என்ற அதிகாரி வந்திருந்தார். உதவிக்கு இரண்டு மருத்துவ மாணவர்கள்: தனேஷ், நஸீஹா. போன மாதம் வரை இதயத் துடிப்பைக் கேட்கப் பழகிக்கொண்டிருந்தார்கள். இப்போது தனேஷ் தலைப்பு வைக்கவும், நஸீஹா பவுடர் போடவும் பயின்றுகொண்டிருந்தார்கள்.

“டாக்டர், மொதல்ல கடலைய எடுங்க லா. பிள்ளைக்கு வலிக்குது,” என்றார் நூர்ஜான்.

“எடுக்கலாம்மா,” என்றார் மோகனா. “ஆனா எடுத்துட்டா, எடுக்கறதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு எப்படிக் காட்டறது?”

டாக்டர் ஒரு கையில் கைப்பேசியையும் மறு கையில் விளக்கையும் எடுத்துக்கொண்டார். பிறகு இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“டாக்டர், அப்போ கடலைய யாரு எடுக்கறது?” என்று கேட்டான் தனேஷ்.

“நல்ல கேள்வி. அடுத்த கூட்டத்துல கேக்கறேன்,” என்றார் மோகனா.

“நாங்க எடுக்கலாமா, மேடம்?”

“நீங்க இன்னும் தகுதி பெறல, தம்பி. தலைப்ப யோசி.”

அதிரா அழுதாள். அழ அழ மூக்கு மின்னியது.

“மூக்கு ரொம்பப் பளபளக்குது, மேடம். படத்துல நல்லா இருக்காது,” என்றாள் நஸீஹா. சொன்ன கையோடு அந்தச் சின்ன மூக்கில் பவுடரை ஒற்றினாள்.

அதிரா தும்மினாள். கடலை பறந்து வந்து மேசையில் விழுந்து, உருண்டு, சுற்றறிக்கையின் மேல் நின்றது.

“அல்ஹம்துலில்லாஹ்!” என்றார் நூர்ஜான்.

“பதிவாச்சா?” என்றார் மோகனா.

“இல்ல மேடம். நான் இன்னும் அமுக்கவே இல்ல,” என்றார் டாக்டர்.

மோகனா குனிந்து கடலையைப் பார்த்தார்.

“அப்படின்னா கடலை இன்னும் உள்ளதான் இருக்கு.”

“என்னக்கா சொல்றீங்க? இதோ, மேசை மேல கிடக்குதே!”

“அது வேற கடலையா இருக்கலாம்மா. ஆதாரம் வேணும்ல?”

“சரி, எந்தக் கடலையா வேணா இருக்கட்டும். வந்து போனதுக்கு சூப்பர்வைசர்கிட்ட காட்ட ஒரு டைம் ஸ்லிப் குடுங்க, நான் வேலைக்குப் போறேன்.”

“நடக்காத சிகிச்சைக்கு எப்படிம்மா ஸ்லிப் குடுக்கறது?”

நூர்ஜான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். டாக்டர் கடலையைப் பார்த்தார். அதை மருந்துத் தண்ணீரில் நன்றாகக் கழுவி ஒரு தட்டில் வைத்தார்.

“மறுபடியும் லேசா வைக்கலாம்,” என்றார். “ஓரத்துல மட்டும்.”

“வச்சு எடுங்க லா, டாக்டர்!” வாசலிலிருந்து மீரா சாகிப் என்ற நோயாளி குரல் கொடுத்தார். “எங்க நம்பர் எப்ப வர்றது?” அவருக்குப் பின்னால் இருந்தவர்களும் அதையே சொன்னார்கள். சொல்லிக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்து, தத்தம் கைப்பேசிகளைத் தூக்கினார்கள்.

நூர்ஜான் மகளின் தலையைத் தடவினார். “ஒரே ஒரு தடவ, செல்லம். உம்மாவுக்காக.” பிறகு அவரும் கைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார். குடும்பக் குழுவில் போட வேண்டாமா?

“பிள்ளையோட சம்மதம் வேணும், மேடம். சுற்றறிக்கையில இருக்கு,” என்று நினைவூட்டினான் தனேஷ்.

டாக்டர் மறுபடியும் கைப்பேசியும் விளக்குமாகத் தரையில் மண்டியிட்டு, அதிராவின் முகத்துக்கு நேராகத் தம் முகத்தைக் கொண்டுவந்தார். இந்த முறை மறக்காமல் பொத்தானை அமுக்கினார்.

“அதிராம்மா, உன்ன யாரும் கட்டாயப்படுத்த மாட்டோம். கடலைய எங்க வைக்கலாம்னு நீயே முடிவு பண்ணு. வலது பக்கமா, இடது பக்கமா?”

டாக்டரின் இரண்டு கைகளும் நிறைந்திருந்தன. மோகனாவின் கையில் கைப்பேசி. மாணவர்கள் கையில் கைப்பேசி. வாசலில் நின்ற எல்லோர் கையிலும் கைப்பேசி. அந்த அறையில் வெறுங்கையோடு இருந்தது அதிரா மட்டும்தான். ஆகவே கடலையை அவள் எடுத்தாள்.

டாக்டரின் மூக்கைத் தேர்ந்தெடுத்தாள். இடது பக்கம்.