சிரிஞ்சுக்கு நல்ல நேரம்

உலக விஞ்ஞானம் இதுவரை செய்யத் துணியாத ஒரு காரியத்தைச் சமயநல்லூரில் ஒரு சிரிஞ்சு கம்பெனி செய்து முடித்தது. கதிர்வீச்சுக்குப் பஞ்சாங்கம் பார்த்தது.

இந்தச் சாதனையைப் பக்கத்தில் இருந்து பார்க்கும் பாக்கியம் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி சுபலட்சுமிக்கு வாய்த்தது. ஆனையூரிலிருந்து ஸ்கூட்டியில் வந்து போகிறவள். அவள் கையெழுத்துப் போடாமல் ஒரு பெட்டிகூட வெளியே போகாது. இந்த ஒரு கோளாறைத் தவிர நிர்வாகம் சிறப்பாகவே நடந்துவந்தது.

சிரிஞ்சில் கிருமியைக் கொல்ல காமா கதிர் நல்லதா, எலக்ட்ரான் கற்றை நல்லதா என்று 'ஒப்பீட்டு ஆய்வு' தொடங்கியது. பாதிச் சரக்கு அதற்கு, பாதி இதற்கு. எலக்ட்ரான் அவசரக்காரர், கண்ணிமைக்கும் நேரத்தில் முடித்துவிடுவார். காமா நிதானஸ்தர், மணிக்கணக்கில் பிளாஸ்டிக்கின் உள்ளே புகுந்து விசாரிப்பார். சுபலட்சுமி போட்ட திட்டத்தில் குறை ஒன்றுமில்லை. ஆனால் காமாவுக்குப் பெட்டிகள் உள்ளே போனது செவ்வாய்க்கிழமை மூன்றரை மணிக்கு.

"அது ராகு காலம்லம்மா!" முதலாளி சௌந்தரராஜன் பதறிவிட்டார். "அப்பப் போனது கணக்குல சேராது. நல்ல நேரம் பாத்து இன்னொரு தடவ விடுங்க."

"சார், ரெண்டு தடவ விட்டா பிளாஸ்டிக் தாங்காது. மஞ்சளாயிரும், ஒடிஞ்சுரும்."

"ரெண்டு தடவ எங்க விட்டோம்? மொத தடவதான் செல்லாதுல்ல?"

இந்தக் கணிதத்தை எதிர்க்க அவள் படித்த படிப்பில் பாடம் இல்லை. மறுநாள் காலை சந்தனம் குங்குமத்தோடு பெட்டிகள் மறுபடி உள்ளே போயின.

வெளியே வந்த சிரிஞ்சுகள் மஞ்சள் பூத்திருந்தன. சுபலட்சுமி ஒன்றை எடுத்து அழுத்தினாள். முறுக்கு மாதிரி நொறுங்கியது. மறுநாள் உசிலம்பட்டித் தடுப்பூசி முகாமுக்குப் போகவேண்டிய சரக்கு அதுதான். பச்சைப்பிள்ளை கையில் ஊசி இறங்கியிருக்கும்போது ஒடிந்தால் என்ன ஆகும் என்று முதலாளியிடம் போய்க் கேட்டாள்.

உடனே 'உயர்மட்டக் கூட்டம்' கூடியது. உயர்மட்டம் என்றால் முதலாளியும் விற்பனை மேலாளர் அழகுபாண்டியும்.

"மஞ்சள்னா மங்களம்ண்ணே," என்றார் அழகுபாண்டி. "விளம்பரத்துலயே போட்டுருவோம்."

"ஒடியுதேப்பா?"

"ஒருக்கா போட்டத மறுபடி போட முடியாதுல்ல? அம்புட்டும் பாதுகாப்புண்ணே!"

கூட்டம் தன்னைத் தானே பாராட்டித் தீர்மானம் நிறைவேற்றியது. ஆய்வின் முடிவு: இரு கதிர்களும் சிறந்தவை, பிளாஸ்டிக்குக்குத்தான் மனப்பக்குவம் போதவில்லை. அறிக்கையின் கீழே சுபலட்சுமி கையெழுத்துப் போட இடம் விட்டிருந்தார்கள்.

"போடலைன்னா நாளையிலருந்து வேலைக்கு வர வேணாம்மா," என்று கனிவோடு தெரிவித்தார் முதலாளி.

சுபலட்சுமி பெட்டியிலிருந்து ஒரு மஞ்சள் சிரிஞ்சை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"போடுறேன் சார். முகாமைத் தொறந்து வைக்கப் போறது நீங்கதானே? மொத ஊசியை இதுலயே உங்க கையில போட்டுக்கங்க. பிள்ளைக பயமில்லாம வரும்."

முதலாளி முழங்கைவரை மடித்திருந்த சட்டைக் கையை அவசரமாக இறக்கிவிட்டார். சுவர்க் காலண்டரை எட்டிப் பார்த்தார்.

"நாளைக்கு எனக்குச் சந்திராஷ்டமம்மா."

"பிள்ளைகளுக்கு சார்?"

"அதுக ராசியெல்லாம் நம்ம எதுக்கும்மா பாக்கணும்? சரக்க அனுப்பு."

சுபலட்சுமி பேனாவை மூடினாள். 'நிராகரிக்கப்பட்டது' என்ற ரப்பர் ஸ்டாம்பை எடுத்து அறிக்கையின் மேலேயே ஓங்கிக் குத்தினாள். அந்தக் குத்தோடு வேலை அவள் கையைவிட்டுப் போனது. முதலாளியின் கை சட்டைக்குள் பத்திரமாக இருந்தது.