பல் டாக்டரின் காரில் என் குரல்

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. நானும் உன் அத்தையும் உடம்பால் சௌக்கியம். மற்றதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். வளவளவென்று போய்விடுவேனோ என்ற பயத்தில், சொல்ல வந்ததை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்:

1. நீ என் பழைய காரின் சத்தத்தைப் பதிவு செய்தது.
2. எதிர்வீட்டுப் பல் டாக்டரின் புதுக் காரில் என் குரல் கேட்பது.
3. அது காரின் ஒலிபெருக்கியிலிருந்துதான் வருகிறது என்பதற்கு நிரூபணம்.
4. உன்னிடம் ஒரு வேண்டுகோள்.

உங்கள் கம்பெனியின் ஸ்போர்ட்ஸ் கார்கள் பேட்டரியில் ஓடுவதால் சத்தமே இல்லை, சத்தமில்லாத வேகத்தை யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை, ஆகவே பழைய இன்ஜினின் உறுமலை உள்ளேயும் வெளியேயும் ஒலிபெருக்கியில் விடப்போகிறோம் என்று சொல்லி, போன வருடம் என் காரின் பானெட்டுக்குள்ளும் சைலன்சர் பக்கத்திலும் மைக்குகளைக் கட்டினாய். "மாமா, நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க, வாயை மட்டும் திறக்காதீங்க" என்றாய். திறக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் காலமெல்லாம் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவனுக்குத் தன் வாய் எப்போது மூடியிருந்தது என்று எப்படித் தெரியும்? வளைவு வந்தால் "மெதுவா, மெதுவா" என்று முணுமுணுப்பது என் வழக்கம்.

பல் டாக்டர் அந்தக் காரை வாங்கினார். தெருமுனையில் திரும்பும்போது, உறுமலுக்கு அடியில், போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல, "மெதுவா, மெதுவா." என் குரல். அத்தையிடம் சொன்னேன். "வீட்டுக்குள்ளயே உங்க குரல் எழும்ப மாட்டேங்குது, ரோட்ல எங்க கேக்கப்போகுது?" என்றாள். டாக்டரோ, "சார், கம்பெனியில என்னமோ அப்டேட் அனுப்பினாங்க. அதுலேருந்து ஸ்போர்ட் மோடுல போட்டாலும் வண்டி வளைவுல தயங்குது. மஞ்சள் விளக்கைப் பாத்தா தானா அடங்கிடுது. புலின்னு நினைச்சு வாங்கினேன், வாத்தியார் மாதிரி போகுது" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அதோடு நின்றிருந்தால், பதிவில் தவறிப்போய் விழுந்தது என்று விட்டிருப்பேன். பிறகு அது, பதிவு செய்த அன்று நான் பேசியிராததையெல்லாம் பேசத் தொடங்கியது. ஒரு நாள் காலை "என் கண்ணாடி எங்க?" என்றது, மாலையில் நான் அதையே கேட்டுக்கொண்டு வீட்டைப் புரட்டினேன். இன்னொரு நாள் "ஐயோ, பால் பொங்கிடுச்சு" என்றது, பொங்கியது. இதெல்லாம் சில்லறை. முந்தாநாள் அது உன் அத்தையின் செல்லப்பெயரைக் கத்தியது. யாரும் இல்லாதபோது மட்டும் நான் கூப்பிடும் பெயர். அதை உனக்கு எழுதக் கூச்சமாக இருக்கிறது. கூப்பிடவில்லையப்பா, கத்தியது. அப்படியொரு அலறல் என் தொண்டையில் இருப்பதே எனக்குத் தெரியாது. அதை நான் இன்னும் கத்தவில்லை.

அன்றிலிருந்து அவளைவிட்டு நகரவில்லை. குளியலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். "இந்த வயசுல என்னங்க இது? யாராவது பாத்தா என்ன நினைப்பாங்க?" என்கிறாள். என்ன பதில் சொல்வது? உனக்கு ஏதோ ஆகப்போகிறது, எதிர்வீட்டுக் கார் சொன்னது என்றா?

நிரூபணத்துக்கு வருகிறேன். நேற்று டாக்டரிடம் கெஞ்சி, சத்தத்தை அடியோடு அணைக்கச் சொன்னேன். கார் பூனைபோலப் போயிற்று. குரலும் இல்லை. ஆகவே உங்கள் ஒலிபெருக்கிதான் காரணம். வேண்டுகோள் இதுதான்: தயவுசெய்து என்னை அதிலிருந்து எடுத்துவிடு. எல்லாக் கார்களிலிருந்தும்.

உன்னையும் உன் அம்மாவான என் தங்கையையும் எந்தக் கெட்ட நேரமும் எட்டிப் பார்க்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
மாமா

பி.கு.: உறையை ஒட்ட உட்கார்ந்த சமயத்தில் அத்தை வெளியே போய்விட்டாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தெருவின் நடுவில் நடந்துகொண்டிருந்தாள். முனையில் திரும்பி, டாக்டரின் கார் சத்தமே இல்லாமல் வந்துகொண்டிருந்தது. அந்தப் பெயரைக் கத்திவிட்டேன், அதே அலறலில். அவள் சட்டென்று நின்றாள். கார் அவள் கைப்பையை உரசிக்கொண்டு போய் நின்றது. அவள் மேல் ஒரு கீறல் இல்லை.

"சத்தம் இருந்திருந்தா அவங்களுக்குக் கேட்டிருக்குமே சார்" என்று டாக்டர் இறங்கிவந்து சொன்னார். அத்தையை உள்ளே கூட்டிவந்து, "எதுக்கு நடுரோட்டுக்குப் போன?" என்று கேட்டேன்.

"நீங்கதானே கூப்பிட்டீங்க?"

"அது உன்னை நிறுத்த."

"அது இல்லைங்க. அதுக்கு முன்னாடி. எதிர்ச் சுவரோரமா நின்னுக்கிட்டு, 'இங்க வந்து பாரேன்'னு."

இப்போதுதான் போய் டாக்டரின் காரைப் பார்த்துவிட்டு வந்தேன். சத்தம் நேற்றிலிருந்து அணைத்தபடியே இருக்கிறது. மேலே எழுதிய மூன்றாவது குறிப்பு, அந்த நிரூபணம், தவறு.