அரைநூலும் எட்டாவது ஓட்டையும்

பாகூர் கொம்யூன் ஊர்களில் எந்தக் கட்டிலாவது கத்தினால், அது தச்சர் அரைநூல் செய்ததல்ல என்று அடித்துச் சொல்லிவிடலாம். அவர் செய்வதாக இருந்தால் அது இன்னும் முடிந்தே இருக்காது.

தச்சுவேலையில் ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். ஒரு நூலில் பாதி பிசகினாலும் மனிதருக்குச் சோறு இறங்காது. அதனால்தான் அந்தப் பெயர். இரண்டு காதிலும் பென்சில் இருக்கும். ஒன்று கோடு போட, இன்னொன்று அந்தக் கோட்டைச் சந்தேகப்பட. டீக்கடை பெஞ்சு ஆடினால், காலுக்கு அட்டை மடித்து வைத்துவிட்டுத்தான் உட்காருவார். அதற்குள் டீ ஏடு கட்டிவிடும்.

இவரிடம் போய் அவசரக் கட்டில் சொன்னேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்! அம்மாவுக்கு இடுப்பெலும்பில் ஆபரேஷன். தரையில் படுக்கவே கூடாது, ஆடாத கட்டில் வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். டிஸ்சார்ஜ் அன்று காலை, சோரியாங்குப்பத்து எங்கள் வீட்டுக் கூடத்தில் கட்டில் நாலு காலும் நாலு சட்டமுமாகக் கிடந்தது. எட்டு போல்ட்டுக்கு எட்டு ஓட்டை போட வேண்டும். மதியம் வரை ஏழுதான் முடிந்தது.

ரோட்டில் கரும்பு டிராக்டர் வந்தால் டிரில்லைத் தூக்கிவிடுவார். "நெலம் அதுருதுபா, போவட்டும்." அடுத்த வீட்டு மிக்ஸியை நிறுத்தச் சொல்லி என்னை அனுப்பினார். சட்னி பாதியில் நின்ற ஆத்திரத்தில் அந்த வீட்டம்மா என்னை எரிப்பதுபோலப் பார்த்தாள். இருப்புக்கொள்ளாமல் நான் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தேன். "நடக்காதபா, தரை ஆடுது" என்று அதையும் நிறுத்திவிட்டார்.

எட்டாவது ஓட்டைக்கு என்னைப் பக்கத்தில் நிறுத்தினார். "டிரில் பிட்டு சாஞ்சா சொல்லு. இங்கேர்ந்து எனுக்குத் தெரியாது."

டிரில் சுற்ற ஆரம்பித்தது. என் செல்போனும் அடித்தது. அம்மாவோடு ஆம்புலன்ஸில் வரும் தங்கை.

"அண்ணா, பாகூர் வந்துட்டோம்! கட்டில் ரெடியா?"

"நேரா இருக்குதாபா?" என்றார் அரைநூல்.

"நேரா இருக்கு, நேரா இருக்கு" என்றேன், பார்க்காமலே.

ஓட்டை சாய்ந்துவிட்டது; போல்ட் உள்ளே போகவில்லை.

"பெரிய பிட்டு வச்சு அகலமாக்கிடலாம்ணா. யாருக்குத் தெரியப் போவுது?" என்றேன்.

"உங்கம்மா இடுப்புக்குத் தெரியும்பா. ஓட்டை பெருசானா போல்ட்டு ஆடும். போல்ட்டு ஆடுனா, பொரளும்போதெல்லாம் அவங்களுக்கு உசுரு போவும். நீ பாக்கலன்னு சொல்லியிருந்தா நான் நிறுத்தியிருப்பனே."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவர் ஒரு மரத்துண்டைச் சீவி, பசை தடவி, ஓட்டையில் அடித்து அடைத்தார். காய ஒரு மணி நேரம் ஆகும் என்றார். அப்போதே ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நின்றது.

உள்ளே படுத்திருந்த அம்மா விஷயத்தைக் கேட்டாள். "அவர அவசரப்படுத்தாதடா. நான் இங்கியே கெடக்குறன். பாக்காமலே பேசற ஆளு நீதான்."

பசை காய்ந்ததும் மறுபடி துளைத்தார். நான் கண் கொட்டாமல் பார்த்தேன். விரலால் தள்ளியதுமே எட்டாவது போல்ட் உள்ளே போயிற்று. அம்மாவைப் படுக்க வைத்ததும், அரைநூல் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

"மெதுவா அசைங்கம்மா. கத்துதான்னு கேக்கறன்."

அம்மா அசைந்தாள். சத்தமில்லை. இன்னொரு முறை. ஊஹூம். வலியில்லாமல் அம்மா கண்ணை மூடியதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

கொஞ்ச நேரத்தில் அம்மா விழித்தாள். "டேய், கட்டில் கத்துதுடா!"

சட்டென்று குனிந்து பார்த்தேன். இரண்டு காதிலும் பென்சிலோடு அரைநூல் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

எழுப்பப் போனேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். "தூங்கட்டும் வுடு. காலையிலேர்ந்து நீ அவரப் படுத்துன பாடு போதாதா?"

டேபிள் ஃபேனை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். அந்த நேரம் பார்த்து அடுத்த வீட்டில் மிக்ஸி ஓட ஆரம்பித்தது. இந்த முறை யாரும் சொல்லாமலே ஓடிப்போய் நிறுத்தச் சொன்னேன்.