மிச்ச மாத்திரை டப்பா

டாக்டர் எழுதிக் கொடுத்த ஏழு நாள் மாத்திரையில் மூன்றாம் நாளே உடம்பு தேறிவிட, பாக்கியைப் பிஸ்கட் டப்பாவில் பத்திரப்படுத்திக்கொண்டு, அடுத்தவர் எப்போது இருமுவார், எங்கே சொறிவார் என்று காத்திருக்கும் ஓர் இனம் உண்டு. ஊரப்பாக்கத்தில் மாடிக்கு ஒருவராவது தேறுவார். நம்ம ஆள் இரண்டாவது மாடி ஸ்ரீரங்கன்.

"மூணு வேளை, மூணு நாள், போயே போச்சு." இதுதான் அவர் மந்திரம். லிஃப்டில் ஏறிய எந்த வியாதியையும் அவர் சும்மா இறங்க விட்டதில்லை. யாருக்காவது குணமானதா? ஆகாதவர்கள்தான் அவர் கண்ணில் படாமல் படியில் இறங்கிப் போகிறார்களே.

அவருக்கே வலது ஆள்காட்டி விரலில் மிளகளவு ஒரு கட்டி வந்தது. வெளி ஆள் எதற்கு? மஞ்சள் பற்று, சளிக்கு வாங்கி மிஞ்சிய மாத்திரை, மைத்துனரின் படர்தாமரைக்கு வாங்கிய களிம்பு என்று டப்பாவையே காலி பண்ணினார். நான்கு மாதத்தில் கட்டி மூன்றாகிப் புறங்கைக்கு ஏறியது. விரல் மடங்கவில்லை. சட்டைப் பொத்தான் போடவே மனைவி வேதாவைக் கூப்பிட வேண்டியதாயிற்று. உள்ளுக்குள் பயந்துபோனார், வெளியே வயசு என்றார்.

வேதா அவரைத் தாம்பரத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். தோல் டாக்டரம்மா விரலைத் திருப்பிப் பார்த்தார்.

"வீட்டுல மீன் தொட்டி இருக்கா சார்?"

"இருக்கு. ஞாயித்துக்கிழமை தவறாம நானே கையை விட்டுக் கழுவுவேன். அதுக்கும் இதுக்கும் என்ன டாக்டர்?"

தொட்டித் தண்ணீரில் வாழும் கிருமியாம், காசநோய்க் கிருமிக்கு ஒன்றுவிட்ட தம்பி. கீறல் வழியாக நுழையும், அபூர்வமாகத்தான் வரும். துளி சதையெடுத்துச் சோதித்ததில் அதுவேதான் என்று உறுதியானது.

"நீங்க தடவின களிம்புல ஸ்டீராய்டு இருக்கு, அது கிருமிக்குச் சோறு போட்ட மாதிரி. இன்னும் லேட் பண்ணியிருந்தா விரல் ஆயுசுக்கும் மடங்காமலே போயிருக்கும். நாலு மாசம் மாத்திரை, ஒருநாள்கூட விடக்கூடாது."

ஸ்ரீரங்கனுக்குக் கண் கலங்கிவிட்டது. விரல் பிழைத்ததே என்று, மாத்திரைப் பையும் கையுமாக வழியெல்லாம் பெருமாளுக்கு நன்றி சொல்லிக்கொண்டே வந்தார்.

லிஃப்டில் மேல்மாடி அப்துல் கஃபார் முழங்கையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"பாய், வீட்டுல மீன் வளக்கறீங்களா?"

"இல்ல சார், கொசுக்கடி."

"எதுக்கும் இதுல ஒம்பது எடுத்துக்குங்க. மூணு வேளை, மூணு நாள்."

மடங்காத விரலால் அட்டையைக் கிழிக்கப் பார்த்தார், முடியவில்லை. வேதா பையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"உங்க விரலுக்குன்னு எண்ணிக் குடுத்திருக்காங்க. பேசாம வாங்க."

அது சரி, அந்த மாத்திரையின் பெயரைக் கடைசிவரை சொல்லவில்லையே என்று உங்களுக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருக்கிறதோ? எதற்கும் குறித்து வைத்துக்கொள்ளலாம் என்றுதானே? உங்கள் வீட்டு டப்பா எந்த அலமாரியில் இருக்கிறது?