வலது ஓரம் உன் இடம்

திருத்துறைப்பூண்டி,
கார்த்திகை, மழை விட்ட ஒரு ஞாயிறு.

அன்புத் தங்கையும், கராத்தே வகுப்பில் என் சீனியருமான குந்தவைக்கு,

அண்ணன் என்ற முறையில் ஆசீர்வாதம். ஜூனியர் என்ற முறையில் வணக்கம். இரண்டில் எதை முதலில் எழுதுவது என்று யோசித்ததில் ஒரு தாள் வீணாகிவிட்டது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமா? அம்மாவுக்கு அயர்லாந்துக் குளிர் பழகிவிட்டதா? இங்கே நான் நலம். வீடு நலம். வயலில் நின்ற மழைத் தண்ணீர் வடிந்துவிட்டது, சம்பா தப்பித்துக்கொண்டது என்று குத்தகைக்காரர் சொன்னார். நான் போய்ப் பார்க்கவில்லை. மன்னார்குடிக் கல்லூரியில் இந்த வருடமும் கௌரவ விரிவுரையாளர்தான். கௌரவம் அப்படியே இருக்கிறது.

வாட்ஸ்அப் இருக்க எதற்குக் கடிதம் என்று கேட்பாய். வாட்ஸ்அப்பில் நான் எதை எழுதினாலும் நீ ஒரு கட்டைவிரலை அனுப்புகிறாய். காய்ச்சல் என்றேன், கட்டைவிரல். காய்ச்சல் விட்டது என்றேன், அதே கட்டைவிரல். குறை சொல்லவில்லை. கைக்குழந்தைக்காரிக்கு மற்ற விரல்கள் எல்லாம் வேறு வேலையில் இருக்கும். ஆனால் இப்போது நான் கேட்கப்போவது கட்டைவிரலால் தீராது. உன் கையெழுத்தில், ஒரு தாளில், ஒரு வரி வேண்டும். ‘திருத்துறைப்பூண்டி வகுப்பிலிருந்து விடைபெறுகிறேன்.’ கீழே பெயர். அவ்வளவுதான்.

ஏன் என்று சொல்கிறேன். வகுப்பு விஷயம் என்பதால் இனி உங்களை நீங்கள் என்றே எழுத வேண்டும். நீங்கள் கிளம்பிய அன்று... இல்லை, முடியவில்லை. உனக்கு மூக்கு சிந்திவிட்டவன் நான். மாஸ்டர் இதைப் படிக்கப்போவதில்லை.

நீ கிளம்பிய அன்றும் வகுப்பு அதே கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில்தான் நடந்துகொண்டிருந்தது. திருச்சி விமான நிலையத்துக்குப் போகும் கார் வாசலில் நின்றது. நீ சுடிதாரில், செருப்போடு, வாசற்படியில் நின்று, “மாஸ்டர், வர்றேன்” என்று கையை ஆட்டினாய். ஜாஃபர் சாதிக் மாஸ்டர் தலையை ஆட்டினார். கார் போய்விட்டது. விடைபெறுவதற்கு ஒரு முறை இருக்கிறது. மாப்பிள்ளைக்கும் இதைப் படித்துக் காட்டுவாய் என்பதால் விளக்குகிறேன். சீருடை போட்டு, பெல்ட் கட்டி, வரிசையில் தன் இடத்தில் மண்டியிட்டு, நெற்றி தரையில் பட வணங்க வேண்டும். கையை ஆட்டுவது கணக்கில் வராது. மாஸ்டர் வரிசையின் வலது ஓரத்தை, அதாவது எல்லோரையும்விட உயர்ந்த பெல்ட் நிற்கும் இடத்தை, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். “அவ இடம் அவளுக்குத்தான்.”

நாங்கள் எல்லோரும் “ஓஸ்” என்றோம். மாப்பிள்ளைக்கு இதையும் சொல். நம் வகுப்பில் சரி, புரிந்தது, மன்னியுங்கள், கால் வலிக்கிறது, எல்லாவற்றுக்கும் ஓஸ் ஒன்றுதான். மாஸ்டரிடம் எதிர்க் கேள்வி கேட்பது முறையில்லை. ஆகவே வேறு சொல் தேவைப்பட்டதும் இல்லை.

பிள்ளைகள் இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. வரிசை நீளமாக இருந்தது. வலது ஓரத்தில் ஓர் ஆள் அளவு இடம் காலியாக இருந்தால் அது கண்ணை உறுத்தவில்லை. பிறகு பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஏசி போட்ட பயிற்சிக்கூடம் ஒன்று வந்தது. சுவர் முழுக்கக் கண்ணாடி. அங்கே ஒரே பெல்ட்டில் பாதி மஞ்சள், பாதி பச்சை. ஒரு கட்டணத்தில் இரண்டு நிறம் கிடைக்கிறதே என்று பெற்றோர்கள் மகிழ்ந்துபோனார்கள். ஒவ்வொரு பிள்ளையாகப் போனது. ஆனால் எல்லோரும் முறையாக விடைபெற்றார்கள். “எங்க வேணா போ, வணங்கிட்டுப் போ” என்று மாஸ்டர் நின்று செய்யவைத்தார். கடைசியாக ஷமீரா. பிளஸ் டூ முடித்து நீட் பயிற்சிக்குத் திருச்சி போகிறவள், சீருடையில் வந்து, மண்டியிட்டு, வணங்கி, அழுதபடியே முதுகு காட்டாமல் பின்னோக்கி நடந்து வெளியேறி, வாசலில் கிடந்த என் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அது இப்போது திருச்சியில் இருக்கிறது.

ஆக, வரிசையில் நான் ஒருவன். முதல் இடம் உனக்கு. நான் அதற்கு இடப்பக்கம், ஒரு கை தள்ளி, இரண்டாவதாக நிற்கிறேன். எனக்குப் பின்னால் யாரும் இல்லை. முன்னால் நீ. நீயும் இல்லை.

வகுப்பு தொடங்க சீனியர் குரல் கொடுக்க வேண்டும். சீனியர் குரல் கொடுக்காமல் ஜூனியர் வணங்கக் கூடாது, ஜூனியர் வணங்காமல் மாஸ்டர் வணங்க மாட்டார். தினமும் காலையில் மாஸ்டர் அங்கே மண்டியிடுகிறார், நான் இங்கே மண்டியிடுகிறேன், இருவரும் உன் குரலுக்காகக் காத்திருக்கிறோம். சமையல்கட்டில் கிரைண்டர் சுற்றுகிறது. முள்ளியாற்றுப் பாலத்தில் ஒரு பேருந்து ஹாரன் அடிக்கிறது. புறா ஒன்று ஃபேன் கம்பியில் உட்கார்ந்து எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்க்கிறது. ஒரு குரல் வந்திருந்தால் எவ்வளவு நேரம் ஆகியிருக்குமோ அதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் ஆனதும், மாஸ்டர் பெருமூச்சு விட்டுக் குனிகிறார். நானும் குனிகிறேன்.

பெல்ட் அவிழ்ந்தால் மாஸ்டருக்கும் சீனியருக்கும் முதுகு காட்டித் திரும்பிக்கொண்டுதான் கட்ட வேண்டும் அல்லவா. உன் இடத்துக்கும் சேர்த்து முதுகு காட்ட வேண்டும் என்றால் கூடத்தில் எனக்கு மிஞ்சுவது ஒரே மூலை. அங்கே சுவரில் ‘கை கழுவும் இடம்’ என்று எழுதியிருக்கிறது. அதைப் படித்துக்கொண்டே கட்டுகிறேன். முனைகள் இரண்டும் முன்பைவிட நீளமாகத் தொங்குகின்றன. பெல்ட் வளர்ந்திருக்க வாய்ப்பில்லை. அம்மாவிடம் சொல்லாதே.

ஜோடிப் பயிற்சிக்கு ஆள் இல்லாததால் மாஸ்டர் பிளாஸ்டிக் நாற்காலிகளை என் உயரத்துக்கு அடுக்கி எதிரே வைத்தார். அடிப்பதற்கு முன்னும் பின்னும் எதிராளியை வணங்க வேண்டும். நாற்காலிக்கு என்ன பெல்ட் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சீனியராகவே வைத்துக்கொண்டு நன்றாகக் குனிந்து வணங்குகிறேன்.

ஐப்பசி முகூர்த்தத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். கூடம் கல்யாணத்துக்குப் போய்விட்டதால் மேனேஜர் எங்களைப் பின்கட்டில், அடுப்புக்குப் பக்கத்தில் நடத்திக்கொள்ளச் சொன்னார். நான் சீருடையில் தண்ணீர் குடிக்கப் பந்திப் பக்கம் போனேன். பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மாள், “தம்பி, இந்த வரிசைக்கு அப்பளமே வரல” என்று என் கையில் கூடையைக் கொடுத்துவிட்டார். திரும்பி மாஸ்டரைப் பார்த்தேன். “பெரியவங்க சொல்றாங்கள்ல, வையி” என்றார். வைத்தேன். வலது ஓரத்திலிருந்துதான் தொடங்கினேன், பழக்கம். பந்தி முழுக்க அப்பளம், அடுத்த பந்திக்கும் அப்பளம், அதற்குள் யாரோ மாஸ்டரையும் கையைப் பிடித்து இழுத்து இலையில் உட்கார வைத்துவிட்டார்கள், அவர் இலைக்கு வந்ததும் என்னையறியாமல் கூடையோடு குனிந்து வணங்கிவிட்டேன், அவரும் சோற்றுக் கையோடு திருப்பி வணங்கினார், பக்கத்து இலைப் பெரியவர் இதைப் பார்த்துவிட்டு இந்தக் கேட்டரிங்காரர் நம்பர் வேண்டும் என்று மேனேஜரிடம் கேட்டாராம். வீட்டுக்கு வந்து இதை உனக்கு எழுதினேன். கட்டைவிரல்.

மறுநாள் கூடம் திரும்பக் கிடைத்தது. தரையைத் துடைப்பது கடைசி ஆளின் வேலை, துடைத்தது சரியா என்று பார்ப்பது முதல் ஆளின் வேலை. கடைசி ஆள் துடைத்தான். முதல் ஆள் அயர்லாந்தில் இருக்கிறாள். பாயசம் சிந்திய இடம் ஒன்று தப்பிவிட்டது. காலை உயர்த்தி உதைத்த வேகத்தில் சறுக்கிப் போய், நேரே உன் இடத்தில், மல்லாந்து விழுந்தேன். அங்கிருந்து பார்த்தால் மேலே ஃபேன் மட்டும் தெரிகிறது. வலியைவிட விழுந்த இடம்தான் பயமாக இருந்தது. எழுந்து, என் இடத்துக்கு நகர்ந்து, உன் இடத்தைப் பார்த்து மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டேன். மாஸ்டர் சுவர்ப் பக்கம் திரும்பி வெகுநேரம் தன் பெல்ட்டைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

நான் இதில் சேர ஆசைப்பட்டவன் இல்லை, அது உனக்குத் தெரியும். நீ ஆஸ்பத்திரி நைட் டியூட்டிக்குத் தனியாகப் போகிறாய் என்று கராத்தேயில் சேர்ந்தாய். கராத்தேக்குத் தனியாகப் போகிறாய் என்று அம்மா என்னைத் துணைக்கு அனுப்பினாள். பெஞ்சில் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தவனை மாஸ்டர், “உள்ள வந்தா வணங்கணும், வணங்கினா வரிசைல நிக்கணும்” என்று கடைசியில் நிறுத்தினார். அன்றிலிருந்து நீ சீனியர். வாசலில் உனக்கு வழிவிட்டு ஒதுங்கி, வீட்டிலும் ஒதுங்கத் தொடங்கிவிட்டேன். அதற்கும் சண்டை வந்தது. “பெல்ட்டக் கழட்டி வச்சிட்டு வந்து அடிச்சுக்குங்க ரெண்டு பேரும்” என்பாள் அம்மா. இப்போதும் சமையலறை வாசலில் ஒரு நொடி ஒதுங்கி நின்றுவிட்டுத்தான் உள்ளே போகிறேன். உள்ளேயிருந்து யாரும் வருவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். தை மாதம் பரீட்சை. எனக்கு பிரவுன் பெல்ட். தஞ்சாவூரிலிருந்து பரீட்சகர் வருகிறார். கண்டிப்பானவர். வரிசை இரண்டாவது இடத்திலிருந்து தொடங்குவதைப் பார்த்தால் முதல் ஆள் எங்கே என்று கேட்பார். அயர்லாந்து என்றால், எப்போது விடைபெற்றார் என்று கேட்பார். பெறவில்லை என்றால் என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார். நீ எழுதுகிற ஒரு வரி கையில் இருந்தால் நான் முறைப்படி ஓர் இடம் நகரலாம். நீ போய்விட்டாய் என்று ஆகிவிடும், அவ்வளவுதான். ஏற்கெனவே போய்விட்டவள்தானே. பெரிய விஷயம் இல்லை. தையில் என்னையும் திருப்பி அனுப்பிவிட்டால் வகுப்பே இருக்காது. காலையில் எழுந்து போவதற்கு எனக்கு இருக்கிற ஒரே இடம் அது. அதனால் தாமதிக்காமல் எழுது.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டதாகச் சொல். போனில் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு பதிலுக்குக் கொஞ்சம் நிற்கச் சொல். குழந்தை நோய்நொடி இல்லாமல் வளர்ந்து, உன்னைவிட உயர்ந்த பெல்ட் வாங்கி, உன்னை வரிசையில் பின்னால் நிறுத்தட்டும்.

உன் அண்ணனும், உனக்கு இடப்பக்கம் நிற்பவனுமான
மதியழகன்

பி.கு.: அந்த ஒரு வரியின் வாசகம் சரிதானா என்று காட்டிவிடலாமென்று, ஒட்டுவதற்கு முன் கடிதத்தை இன்று வகுப்புக்கு எடுத்துப் போனேன். மாஸ்டர் கண்ணாடி போட்டுக்கொண்டு, நின்றபடியே, முழுக்கப் படித்துவிட்டார்.

“சீனியர நீன்னு எழுதியிருக்க” என்றார் முதலில்.

ஓஸ் என்றேன்.

“அந்த எடம் காலியா இருக்கணும்னு யாருப்பா சொன்னது?”

“நீங்கதான் மாஸ்டர். தங்கச்சி கெளம்புன அன்னிக்கு. அவ இடம் அவளுக்குத்தான்னு.”

“சொன்னேன், இல்லேங்கல. மனசு கஷ்டமா இருந்துச்சு, சொன்னேன். அதப் போயி சட்டமா எடுத்துக்குவியா நீ?”

நான் ஓரத்தை விட்டு ஒரு கை தள்ளி நிற்பதை, ஃபேன் காற்று எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை போல என்று நினைத்துக்கொண்டாராம். காலையில் குரல் கொடுக்காமல் உட்கார்ந்திருக்கிறோமே, அது எதற்கு என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி.

“நீ குரல் குடுப்பன்னுதான் நான் உக்காந்திருக்கேன். நீ வாயே தொறக்கல. வீட்ல ஆள் இல்ல, ஏதோ நெனப்புல இருக்க, செத்த நேரம் இருக்கட்டும்னு நானும் சும்மா இருந்தேன்.” கடிதத்தை மடித்துக் கொடுத்தார். “வா. வந்து எடத்துல நில்லு.”

நின்றேன். குரல் கொடுத்தேன். புறா பறந்துவிட்டது. ஒரு ஆளுக்கு எதற்கு இவ்வளவு சத்தம் என்றார் மாஸ்டர்.

ஆகவே மேலே கேட்டிருக்கிற வரி தேவையில்லை. அனுப்பாதே. நான் இப்போது வலது ஓரத்தில் நிற்கிறேன். இடப்பக்கம் பார்த்தால் என் இடம் காலியாக இருக்கிறது. இதற்குள் ஒரு தாள் எடுத்து வைத்திருப்பாய். அதில் வேறு ஏதாவது எழுது.